நாய்க்கு என்ன பெயர்?

புல்டாக் குட்டிக்கு விளையாட்டுப் பெயர் வைக்க ஆசையா? அந்த நாயே ஒரு விளையாட்டின் பெயரைத்தான் சுமக்கிறது! ‘புல்’ என்றால் காளை. இங்கிலாந்தில் காளையைக் கட்டிப்போட்டு, நாயை ஏவி வேடிக்கை பார்த்தார்கள். 1835-ல் சட்டம் அந்தக் கொடுமையைத் தடுத்தது.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் குட்டி வளர்ப்பவருக்கு நம் ஊர்ப் பெயரே உண்டு: ‘சடுகுடு’. அதாவது கபடி. ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கபடி 1990-ல் சேர்ந்தது. பெண்கள் கபடி 2010-ல் சேர்ந்தது. ஆகவே, ஆண் குட்டிக்கும் பெண் குட்டிக்கும் பொருந்தும். கூப்பிட ‘சடு’ போதும்.

சடுகுடு, மூச்சடக்கி ஆடும் ஆட்டம். சப்பை மூக்குப் புல்டாக்குக்கோ வெயிலில் மூச்சுத் திணறும். உச்சி வெயிலில் அதை ஓடவிடக் கூடாது. தறி இருக்கும் கூடத்து நிழலில் படுக்கட்டும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். விளையாட்டு பெயரோடு நிற்கட்டும். உயிரோடு விளையாட வேண்டாம்!