வெளக்கு எரிஞ்சா வெளக்கை உடைக்காதீங்க சாமிகளா!

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். ஆனா போன மாசம் நடந்த ஒரு விஷயத்தை எழுதலைன்னா எனக்கு நெஞ்சு எரியும். கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

எங்க வீட்டு வண்டி 2014ல அப்பா வாங்கின பெட்ரோல் கார். மூணு மாசமா டேஷ்போர்டுல இஞ்சின் படம் போட்ட மஞ்சள் வெளக்கு எரிஞ்சுட்டே இருந்துச்சு. வண்டி ஓடுது, ஆனா பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்குது. பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டு போனேன்.

"அட, இது ஒண்ணுமில்லீங் தம்பி. பல்பைக் கழட்டி உட்டுர்லாமுங்."

"பிரச்சினை என்னன்னு பாக்க வேண்டாங்களாண்ணா?"

"வண்டி ஓடுதுல்லீங்? அப்புறம் என்னங்?"

அடுத்த பட்டறை இன்னும் ஒரு படி மேல. சைலன்சர் பக்கம் இருக்கற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அறுத்து, உள்ள இருக்கற தேன்கூட்டைத் தட்டி எடுத்துட்டு வெறும் குழாயா மாட்டிடலாமாம். "பிக்கப் சும்மா பிச்சுக்கும் தம்பி". எடுத்த தேன்கூட்டை அவரே வெச்சுக்குவாராம். சும்மா இல்லை, அதுல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு விலை உயர்ந்த உலோகம் இருக்கு. மூணாவது எடம் பளபளன்னு ஏசி போட்ட எடம். கன்வெர்ட்டரோட மொத்த செட்டையும் மாத்தணும்னு அரை லட்சத்துக்குப் பக்கத்துல ஒரு தொகை சொன்னாங்க. மூணு பேருல ஒருத்தர் கூட மல்டிமீட்டரைக் கையில எடுக்கலை.

இங்கதான் எனக்குக் கோவம். ஏன்னா இது திருப்பூர்.

எங்கப்பா இருபது வருஷம் நிட்டிங் மெஷின் ஓட்டினவர். அந்த வட்ட மெஷின்ல ஒரு நூல் அறுந்தா என்ன ஆகும்? அந்த ஃபீடர்ல வெளக்கு எரியும், மெஷின் நின்னுரும். போய் முடிச்சுப் போட்டுத்தான் திருப்பி ஓட்டுவாங்க. "வெளக்கு தொந்தரவா இருக்கு, வயரை வெட்டி உட்டுரு"ன்னு எந்த ஓனராவது சொல்லுவாரா? சொன்னா அடுத்த ரோல் துணி பூராவும் ஓட்டை. பனியன் கம்பெனில இவ்ளோ கறாரா இருக்கற அதே ஆளு, சாயங்காலம் கார் எடுக்கறப்ப மட்டும் பல்பைக் கழட்டச் சொல்றாரு. துணில ஓட்டை விழுந்தா பையர் திருப்பி அனுப்புவான். காத்துல ஓட்டை விழுந்தா யாரு திருப்பி அனுப்புவா?

நம்ம சாப்ட்வேர் மக்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, எர்ரர் வந்தா காலியா ஒரு கேட்ச் பிளாக் போட்டு முழுங்கறது. ப்ரொடக்‌ஷன்ல என்னைக்கு வெடிக்கும்னு தெரியாது. அவ்ளோதான்.

சரி, நான் என்ன பண்ணேன்? ஒரு ப்ளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கற சாக்கெட்ல சொருகி, போன்ல படிச்சேன். வந்த கோட் பி0135. அதாவது கன்வெர்ட்டருக்கு முன்னாடி இருக்கற ஆக்சிஜன் சென்சாரோட ஹீட்டர் சர்க்யூட்ல கோளாறு. கன்வெர்ட்டர் செத்துப் போச்சுன்னு எந்தக் கோடும் சொல்லலை!

இந்த சென்சார் பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்லை. 1976லயே வோல்வோ கார்ல வந்த சமாச்சாரம், செஞ்சது பாஷ். புகைல மிச்சம் எவ்ளோ ஆக்சிஜன் இருக்குன்னு மோந்து பாத்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காத்துங்கறதுதான் சரியான கலவை. அந்தக் கணக்கை ஒட்டி இருந்தாத்தான் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூணையும் கன்வெர்ட்டர் ஒரே நேரத்துல சுத்தம் பண்ண முடியும். சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல சூடானாத்தான் வேலை செய்யும். சீக்கிரம் சூடாகத்தான் ஹீட்டர். ஹீட்டர் போச்சுன்னா கம்ப்யூட்டர் ரொம்ப நேரம் குருட்டாம்போக்குல பெட்ரோலை ஊத்தும். காசும் போகும், எரியாத பெட்ரோல் போய் நல்லா இருக்கற கன்வெர்ட்டரும் கெடும். அதாவது பல்பைக் கழட்டினா, மூணாவது எடத்துல சொன்ன அரை லட்சத்தை நாமளே ஒரு நாள் உண்மையாக்கிடுவோம்.

மொதல்ல ஃபியூஸைப் பாத்தேன், நல்லா இருந்துச்சு. சென்சார்ல நாலு வயர், அதுல ஒரே கலர்ல இருந்த ரெண்டு ஹீட்டரோடது. இஞ்சின் ஆறின பிறகு கனெக்டரைக் கழட்டி மல்டிமீட்டர் வெச்சா, சில ஓம்ஸ் காட்ட வேண்டிய எடத்துல ஒண்ணுமே காட்டலை. ஓப்பன். தீர்ப்பு வந்தாச்சு.

புது சென்சார் மூவாயிரத்துச் சொச்சம். வயர் போக வழி விட்டு வெட்டின 22 எம்.எம். சாக்கெட் ஒண்ணு. ஞாயித்துக்கெழமை காலைல இஞ்சினை ரெண்டு நிமிஷம் ஓட்டி வெதுவெதுன்னு ஆக்கி, துரு எடுக்கற ஆயிலை அடிச்சு, அரை மணி காத்திருந்து ஒரு இழுப்பு. கர்ர்ருன்னு ஒரு சத்தம், கழண்டுச்சு. பக்கத்துல நின்ன அம்மா "பாத்து கண்ணு, கை சுட்டுறப் போகுது"ன்னாங்க. சுட்டுச்சு :-( கையுறை போட்டுக்கங்க.

புதுசோட முனையைத் தொடக்கூடாது. சிலிக்கான் பசை எதுவும் பக்கத்துலயே கொண்டு போகக்கூடாது, சென்சாருக்கு அது வெஷம். மரையில தடவின பேஸ்ட் கம்பெனியே தடவிக் குடுத்தது, துடைக்காதீங்க. கையால சுத்தி மரை புடிச்ச பிறகுதான் ஸ்பேனர். கோடை அழிச்சுட்டு ஓட்டிப் பாத்தா, வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் நடுவுல மேலயும் கீழயும் ஓடுது. வெளக்கு அணைஞ்சுது. ஒரு மாசமாச்சு, திரும்ப வரலை.

இப்ப ரெண்டு கேள்வி வரும்னு தெரியும்.

ஒண்ணு: "ஒரு கார் புகையால ஊரு கெட்டுருமா?" இதை எங்க ஊர்ல கேக்கறதுக்கு வெக்கப்படணுங்க. "ஒரு சாயப்பட்டறைத் தண்ணியால நொய்யல் கெட்டுருமா"ன்னு ஒவ்வொருத்தரும் கேட்டுக் கேட்டுத்தான் ஒரத்துப்பாளையம் அணைல சாயத்தண்ணி தேங்குச்சு, கீழ இருந்த வெவசாயி நிலம் போச்சு. 2011 ஜனவரில உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப, ஊரே முடங்கினதை ஸ்கூல் பையனா நான் பாத்திருக்கேன். கழிவே வெளிய விடாத ஜீரோ டிஸ்சார்ஜுக்கு மாறித்தான் தொழில் திரும்ப நின்னுச்சு. ஆத்துக்கு நாம கத்துக்கிட்ட பாடம் காத்துக்கு மட்டும் கிடையாதா? ஈயம் கலந்த பெட்ரோலை 2000ல நாடு முழுக்க நிறுத்தினாங்க. கொழந்தைங்க மூளையை அது கெடுக்கும், கன்வெர்ட்டரையும் கெடுக்கும். இத்தனை பாடுபட்டு வந்த தேன்கூட்டைத்தான் நாம சுத்தியல்ல தட்டி எடுக்கறோம்.

ரெண்டு: "புகைச் சான்றிதழ் குடுத்துட்டாங்களே?" குழாய்க்குள்ள குச்சியையே விடாம, நம்பர் பிளேட்டை மட்டும் போட்டோ எடுத்துட்டுக் குடுத்த சான்றிதழ் என்கிட்டயே ஒண்ணு இருக்கு. அன்னைக்கு வாயை மூடிட்டு வாங்கிட்டு வந்த நானும் குத்தவாளிதான். சட்டம் இல்லாம இல்லை, 2019 திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் 10,000 ரூபா வரைக்கும் போகும். ஆனா அபராதத்துக்குப் பயந்து செய்யற காரியமா இது?

பட்டறை அண்ணனை மட்டும் திட்டி முடிக்க மனசு வரலை. "வெளக்கு எரியுது, சீக்கிரம் அணைச்சுக் குடுங்க, காசு கம்மியா இருக்கணும்"னு கேக்கறது நாமதானே? கேட்டதை அவர் குடுக்கறார். ஒரே ஒரு கேள்வியை மாத்திக் கேட்டுப் பாருங்க: "அண்ணா, கோட் என்னங்?" பதில் சொல்றவரு நல்ல மெக்கானிக், அவருக்குக் காசு குடுக்கக் கணக்குப் பாக்காதீங்க. கேள்வியே புரியலைன்னா வண்டியைத் திருப்புங்க.

எல்லாரும் ஸ்பேனர் புடிங்கன்னு சொல்லலை. சில வண்டில சென்சார் அடியில இருக்கும், வெறும் ஜாக்கை நம்பி அடியில படுத்துடாதீங்க. மரை துருப்புடிச்சு வரலைன்னா முரட்டு இழுப்பு இழுக்காம விஷயம் தெரிஞ்ச ஆள்கிட்ட விட்டுருங்க. ஆனா இஞ்சினியரிங் படிச்சுட்டு போனட்டைத் தொறக்கவே பயப்படறோமே, அதுதான் எனக்கு அசிங்கமா இருக்கு.

அப்பா மாத்தின பழைய சென்சாரைக் கையில வாங்கிப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "இத்துனூண்டு நூல் அறுந்ததுக்கா மெஷினையே மாத்தச் சொன்னாங்க?"

டிஸ்கி: "எலெக்ட்ரிக் வண்டி வாங்கு"ன்னு பின்னூட்டம் போடப் போற நண்பர்களே, நல்ல யோசனை. இ.எம்.ஐ.யை நீங்க கட்டறதா இருந்தா மட்டும் போடவும் :-)