வெட்கம் மருந்தாகாது



குன்றத்தூரிலிருந்து அனகாபுத்தூர், பம்மல் வழியாகப் பல்லாவரம் சென்று, ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே திரும்பினால், குரோம்பேட்டையைத் தாண்டியதும் தாம்பரம் சானடோரியம் வந்துவிடும். 1928 ஆம் ஆண்டில் காசநோயாளிகளுக்காக மருத்துவர் சௌரிமுத்து தொடங்கிய மருத்துவமனை அது. இன்று அரசு நெஞ்சக மருத்துவமனை. 1990களில், எச்.ஐ.வி. தொற்றியவர்களைத் தொடுவதற்கே பல மருத்துவமனைகள் தயங்கிய காலத்தில், அவர்களுக்குக் கதவைத் திறந்த இடம். 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது, அதை முதலில் வழங்கிய எட்டு மையங்களில் இதுவும் ஒன்று. இத்தனை சிறப்பு மிக்க ஓரிடம் நம் வீட்டுக்கு இவ்வளவு அருகில் இருக்கிறது. ஆனால் அங்கே போவதைப் பக்கத்து வீட்டார் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சத்தில், நோயை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு வாழ்வோரும் நம்மிடையே உண்டு. அவர்களைப் பற்றியே இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் ஊர் ஒன்றில் ஒரு ஜனாஸாவில் கலந்துகொண்டேன். முப்பது வயதைச் சற்றே கடந்த ஒருவர். என்ன நோய் என்று எவரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் அனைவருக்கும் தெரிந்திருந்தது. மய்யித்தைக் குளிப்பாட்ட வேண்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். இறுதியில் முதியவர் ஒருவர் கையுறை அணிந்து முன்வந்தார். அதன்பின் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கொரோனா காலத்தில், சொந்த பந்தங்களே தொட அஞ்சிய உடல்களை மதம் பாராமல் சுமந்து சென்று அடக்கம் செய்தவர்கள் நம் இளைஞர்கள். அந்தத் துணிவு அன்று அங்கே எங்கே போயிற்று? நோயைவிட, நோய் வந்த வழியைப் பற்றிய கிசுகிசுப்பே அனைவரின் கைகளையும் கட்டிப்போட்டிருந்தது.

அந்தச் சகோதரர் ஆண்களோடு உறவு வைத்திருந்தவர் என்று பேசிக்கொண்டார்கள். அது உண்மையா என்பதை அல்லாஹ் அறிவான்; அதை ஆராய்வது நம் வேலையன்று. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது, காலம் கடக்குமுன் பரிசோதித்துக்கொள் என்று சொல்ல அவருக்கு ஓர் ஆள் இருந்திருப்பாரா?

இதன் வரலாற்றைச் சற்று நினைவுகூர்வோம். 1981 ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களின் விசித்திரமான நுரையீரல் நோயைப் பற்றி ஒரு மருத்துவ அறிக்கை வெளிவந்தது. ஐவரும் தன்பால் உறவு கொண்டவர்கள். அதனால் இது அத்தகையோரின் நோய், மேலை நாட்டு ஒழுக்கக் கேட்டின் நோய் என்று உலகம் முடிவு கட்டியது. நம் நாட்டில் குடும்பக் கட்டுப்பாடும் பண்பாடும் வலுவாக இருப்பதால் இங்கே வராது என்று படித்தவர்களே நம்பினார்கள். 1986 ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் உறுதியாயிற்று. தேடும்வரை இல்லை என்றிருந்த நோய், தேடியவுடன் நம் சென்னையிலேயே கிடைத்தது. 'நம்மவர்களிடம் இல்லை' என்ற சொல்லுக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது.

இன்றைய நிலை என்ன? தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2017 ஆம் ஆண்டுக் கண்காணிப்பின்படி, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே எச்.ஐ.வி. தொற்று ஏறத்தாழ 2.7 சதவீதம். நாட்டின் வயது வந்தோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் அது ஏறத்தாழ 0.2 சதவீதம். பத்து மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு இது.

இதற்கான காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆசனவாயின் உட்புறச் சவ்வு மிக மெல்லியது, எளிதில் கிழியக்கூடியது. ஆகவே ஆணுறை இல்லாத ஆசனவாய் உறவே, உடலுறவு வகைகளுள் எச்.ஐ.வி. மிக எளிதாகத் தொற்றும் வழி. இரு தரப்பினருக்கும் ஆபத்து உண்டு. ஏற்பவருக்கு அது பன்மடங்கு அதிகம். மனைவியோடு கொள்ளும் அத்தகைய உறவுக்கும் இது பொருந்தும். கிருமி ஆளின் பெயரையும் குலத்தையும் விசாரிப்பதில்லை. வழி கிடைத்தால் நுழைகிறது.

எச்.ஐ.வி. ஒன்றோடு இது முடிவதில்லை. மேகப்புண் எனப்படும் சிபிலிஸ், வெட்டை நோய் எனப்படும் கொனோரியா, கிளமிடியா, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி ஆகியனவும் இதே வழியில் பரவுகின்றன. இவற்றின் பெரும் சூழ்ச்சி, சத்தமின்றி இருப்பது. சிபிலிஸின் முதல் புண் வலிக்காது. சில வாரங்களில் தானே ஆறிவிடும். நோய் போய்விட்டது என்று மனிதன் நினைக்கிறான். அது உள்ளே தங்கி, ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்க வல்லது. தொண்டையிலும் ஆசனவாயிலும் தங்கும் கொனோரியாவும் கிளமிடியாவும் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. இத்தகைய தொற்றுகள் இருக்கும் உடலில் எச்.ஐ.வி. நுழைவதும் எளிதாகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஆரம்ப நிலைச் சிபிலிஸைப் பென்சிலின் ஊசியால் குணப்படுத்திவிடலாம். ஹெபடைடிஸ் பி வராமல் தடுக்கத் தடுப்பூசி உண்டு. வெட்கப்பட்டு மருந்துக் கடையில் ஏதோ நான்கு மாத்திரை வாங்கி விழுங்குவதுதான் நோயை மறைத்து வளர்க்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியையும் உருவாக்குகிறது.

நம்மிடையே உலவும் ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 'நமக்குக் கத்னா செய்யப்பட்டிருக்கிறது. இந்நோய்கள் அண்டாது' என்பது அது. இதில் அரை உண்மை இருக்கிறது. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வுகளில், கத்னா செய்துகொண்ட ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைந்தது. 2007 இல் உலக சுகாதார நிறுவனமும் இதை ஏற்றது. ஆனால் குறைந்ததே தவிர மறையவில்லை. ஆண்களுக்கிடையிலான உறவில் ஏற்பவருக்கு அது எந்தப் பாதுகாப்பும் அளிப்பதில்லை. அந்த அரை உண்மையை நம்பி முழு ஆபத்தில் இறங்குவது அறிவுடைமையன்று.

இனி, நம் சமுதாயத்தில் மிகவும் வலிக்கும் இடத்திற்கு வருவோம். மகனின் நாட்டம் வேறுவிதமாக இருப்பதாக ஐயுறும் பெற்றோர் முதலில் செய்வது என்ன? பெண் பார்ப்பது. 'நிக்காஹ் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்கிறார்கள். சரியாகாமல் போனால் அதன் சுமை யார் தலையில் விழுகிறது? மஹர் பெற்று, நம்பிக்கையோடு அந்த வீட்டுக்குள் காலடி வைத்த ஒரு பெண்ணின் தலையில். கணவனுக்கு வெளியில் ஒரு மறைவான வாழ்க்கை இருப்பதையும், அதிலிருந்து அவன் ஒரு தொற்றைச் சுமந்து வரக்கூடும் என்பதையும் அவள் அறியமாட்டாள். கருவுற்ற பின் அரசு மருத்துவமனையில் செய்யும் வழக்கமான பரிசோதனையில்தான் அவளுக்குச் செய்தி தெரியவரும். அவளிடம் எவரும் உண்மையைச் சொல்லவில்லை. அவளுடைய உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமல்லவா? ஒருவருடைய வெட்கத்தை மறைக்க மற்றொருவருடைய உயிரைத் திரையாக்குவதற்கு மார்க்கத்தில் எங்கே இடமிருக்கிறது?

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். 'இந்தச் செயலே ஹராம். அப்படியிருக்க ஆணுறையைப் பற்றியும் பரிசோதனையைப் பற்றியும் பேசுவது பாவத்திற்குப் பாதை போட்டுக் கொடுப்பதாகாதா?' என்று கேட்பார்கள். அந்தச் சட்டத்தை நான் மாற்றப் புறப்படவில்லை. அதற்குரிய தகுதியும் எனக்கில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயது வந்தோரின் இணக்கமான தன்பால் உறவு குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. அது நாட்டின் சட்டம். நம் மார்க்கத் தீர்ப்பு வேறு என்பதை வாசகர் அனைவரும் அறிவர். ஆனால் தீர்ப்பு ஒன்று, தீங்கைத் தடுப்பது மற்றொன்று. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களுள் ஒன்று. இரு தீங்குகளுள் ஒன்று நேர்ந்தே தீரும் எனில் சிறியதைக் கொண்டு பெரியதைத் தடுக்க வேண்டும் என்பது நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் வகுத்த நெறி. நோய்க்கு மருத்துவம் தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தபோது, நோய் வந்த வழியை முதலில் விசாரியுங்கள் என்று நிபந்தனை விதிக்கவில்லை. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற நற்செய்தியையும் நாம் அறிவோம். மனிதனின் மானத்தைக் காப்பதே அந்த மறைத்தல். அவனுடைய நோயைக் கவனிக்காமல் விடுவதற்கு அதைச் சாக்காக்கக் கூடாது.

மேலும், தவ்பாவுக்கு உயிர் வேண்டும். இன்று பாவத்தில் இருப்பவன் நாளை திரும்பி வரக்கூடும். அந்த நாளை அவன் அடையும்வரை அவன் உயிரோடிருக்க உதவுவது, பாவத்திற்குத் துணை போவதாகுமா, தவ்பாவுக்கு வழி விடுவதாகுமா? நீங்களே சிந்தியுங்கள்.

மருத்துவம் இன்று எங்கே நிற்கிறது என்பதையும் நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவு இரகசியமாகக் காக்கப்படும். 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பெயர் சொல்லாமலே ஆலோசனை பெறலாம். ஆபத்தான உறவு நேர்ந்துவிட்டால், 72 மணி நேரத்திற்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் உட்கொண்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுக்கலாம். எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தொற்று வந்த பின்பும் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. கூட்டு மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய இயலாத நிலைக்கு இறங்கி, அந்நிலை நீடித்தால், உடலுறவின் வழியாக மற்றவருக்கு எச்.ஐ.வி. தொற்றுவதில்லை. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதையும் உரிய சிகிச்சையால் மிகப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

அப்படியானால் நிக்காஹுக்கு முன் பரிசோதனைச் சான்றிதழை ஜமாஅத்துகள் கட்டாயமாக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2018 இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவருடைய இசைவின்றி அவரைச் சோதிப்பதையும், அவருடைய நிலையை வெளிப்படுத்துவதையும், அதன் பெயரால் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. அதோடு, தொற்றிய சில வாரங்கள் வரை பரிசோதனையில் அது தென்படாமலும் போகலாம். ஆகவே ஒரு தாள் முழுப் பாதுகாப்பாகிவிடாது. சான்றிதழ் ஜமாஅத் அலுவலகத்தில் கைமாறத் தொடங்கினால் இரகசியம் தெருவுக்கு வந்துவிடும். அஞ்சுவோர் மேலும் ஒளிந்துகொள்வர். மணமகனும் மணமகளும் தாமாக முன்வந்து சோதித்துக்கொள்வதை நல்ல வழக்கமாக ஊக்குவிப்போம். முடிவை அவ்விருவரும் பகிர்ந்துகொள்ளட்டும். கட்டாயமும் சான்றிதழ்க் கோப்பும் வேண்டாம்.

நம் ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை இன்னும் எளியவை. கொரோனாவின்போது முகக்கவசத்தைப் பற்றி மிம்பரில் பேசினோம். அதே நிதானத்தோடு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் பால்வினை நோய்களைப் பற்றி ஒரு மருத்துவரை அழைத்து இளைஞர்களிடம் பேச வைக்கலாம். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் 1097 என்ற எண்ணை ஒட்டி வைக்கலாம். இமாமிடம் ஒருவர் கண்கலங்கி வந்து நின்றால், முதலில் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, பிறகு அறிவுரை சொல்லலாம். பெற்றோரே, உங்கள் மகன் உங்களிடம் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல வாய் திறந்தால், கை ஓங்குமுன் காது கொடுங்கள். விருப்பமில்லாத திருமணத்தை அவனுக்கு மருந்தாக்கி, இன்னொருவர் மகளுக்கு நோயாக்கிவிடாதீர்கள்.

இதைப் படிக்கும் சகோதரரே, உங்களுக்கு அப்படியொரு மறைவான வாழ்க்கை இருந்தால், உங்களைப் பார்த்து ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ளதை நான் கேட்கவில்லை. இந்த வாரமே ஒரு நாள் ஒதுக்கிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குன்றத்தூரில் தெரிந்தவர் கண்ணில் படுவோம் என்று அஞ்சினால், தாம்பரத்துக்குப் போங்கள். உங்களுக்காகவும், உங்களை நம்பியிருப்போருக்காகவும்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் நலம் அருள்வானாக. வஸ்ஸலாம்.