இரவல் முகம்!

திருவிழா மேடை. ரஜினி வேஷம் கட்டியவர் சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார். விசில் பறக்கிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் நாம் பார்த்த காட்சிதான். விசில் யாருக்கு? அசலுக்கு! நோட்டீசில்கூட 'ஜூனியர் ரஜினி'தான். சொந்தப் பேர் இல்லை.

சினிமாவில் ரஜினி சாயலோடு வந்த நளினிகாந்த் அந்த உயரத்தை எட்டவில்லை. விஜயராஜும் பேரில் 'காந்த்' ஒட்டிக்கொண்டு 1979-ல் அறிமுகமானவர்தான். ஆனால், 1981-ல் 'சட்டம் ஒரு இருட்டறை' அவருக்குத் தனி முகம் கொடுத்தது. 2006-ல் நம்ம கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் ஓட்டுப் போட்டது விஜயகாந்துக்கு. ரஜினி சாயலுக்கு அல்ல!

சாயல் வாசல் வரைதான் வரும், தம்பி. உள்ளே போக சொந்தச் சரக்கு வேணும்.

விழாக் கமிட்டிக்காரர்களே! அடுத்த நோட்டீசில் அவர் சொந்தப் பேரையும் போடுங்கள். காசா, பணமா?