நகர மக்களின் நடுப்பீடம்



போலந்து நாட்டின் பழைய தலைநகரம் கிராக்கோ. அங்கே குன்றின்மேல் அரசர்கள் முடிசூடிய பேராலயம் நிற்கிறது. கீழே, சந்தைத் திடலின் ஓரத்தில், உயரத்தில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரு கோபுரங்களுடன் நிற்பது புனித மரியன்னை ஆலயம். இது வணிகரும் கைவினைஞரும் பேணி வளர்த்த பங்குக் கோவில். முன்பிருந்த கோவில் 1241இல் மங்கோலியர் படையெடுப்பில் அழிந்தது. மக்கள் அதே இடத்தில் மீண்டும் எழுப்பினர். இன்று நாம் காணும் செங்கற் கோவில் பெரும்பாலும் 14ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது.

இக்கோவிலின் பெருஞ்செல்வம் அதன் நடுப்பீடம். நகரத்தார் பொருள் சேர்த்து, ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரிலிருந்து வந்த வைட் ஸ்டாஸ் என்னும் சிற்பியிடம் பணியை ஒப்படைத்தனர். 1477இல் தொடங்கிய வேலை 1489இல் நிறைவுற்றது. ஏறத்தாழ 43 அடி உயரமும் 36 அடி அகலமும் கொண்ட மரச்சிற்பம் அது. நடுவே, தேவதாய் தம் இறுதி வேளையில் திருத்தூதர்களின் கைகளில் சாய்கின்றார். அத்தூதர்களின் முகங்களில் சுருக்கங்கள். கைகளில் புடைத்த நரம்புகள். சிற்பி அந்நகரத்து மனிதர்களையே பார்த்துச் செதுக்கினார் என்பர். ஆம், தங்களைப் போன்றோரின் கைகளிலேயே அன்னை சாய்ந்திருப்பதை மக்கள் நூற்றாண்டுகளாகக் கண்டு செபித்தனர்.

1939இல் போர் மேகம் சூழ்ந்தது. பீடத்தைப் பிரித்து, பெரிய சிலைகளைப் பெட்டிகளில் அடைத்து, வேறு ஊருக்கு அனுப்பி மறைத்தனர். ஆயினும் நாஜிகள் தேடிப்பிடித்து ஜெர்மனிக்குக் கொண்டு சென்றனர். போர் முடிந்தபின், அது நூரம்பெர்க் கோட்டையின் நிலவறையில் கிடைத்தது. சிற்பி புறப்பட்டு வந்த ஊரிலேயே அவரது படைப்பு சிறையிருந்தது! 1946இல் அது போலந்துக்குத் திரும்பியது. எனினும் பழுதுபார்க்கப்பட்டு, 1957இல்தான் தன் கோவிலை அடைந்தது. பதினெட்டு ஆண்டுகள் அந்த நடுப்பீடமின்றியே மக்கள் அங்கே திருப்பலி கண்டனர். அக்காலத்தில் பிறந்த குழந்தைகள், பெற்றோர் சொல்லக் கேட்டே அதை அறிந்திருப்பர்.

இன்றும் அக்கோவிலின் உயர்ந்த கோபுரத்திலிருந்து மணிக்கொரு முறை நான்கு திசைகளிலும் எக்காளம் ஊதப்படுகிறது. பண் பாதியிலேயே நின்றுவிடும். பகைவரின் வருகையை ஊதி அறிவித்த காவலன் கழுத்தில் அம்பு பாய்ந்ததால் என்று ஊரார் கதை சொல்வர். ஒருவன் விட்ட இடத்திலிருந்து அடுத்தவன் எடுத்துச் செல்வதே ஆலயத்தின் வரலாறும் அன்றோ!

நம் பங்குக் கோவிலின் நடுப்பீடத்திற்குப் பொருள் தந்தவர் யார்? அதைச் செய்த கைகள் எவை? இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பிள்ளைகளும் உடனிருந்து கேட்கட்டும்.