நாலாவது முடிச்சு

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மூன்று முடிச்சு. முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தால், மிச்சம் இரண்டையும் நாத்தனார் பார்த்துக்கொள்வார். இன்டர்வியூ அன்று காலை டையோடு கண்ணாடி முன்னால் நிற்கும்போது நாத்தனார் கிடையாது! அதனால் நம்மில் பல பேர், விவரம் தெரிந்த யாரையாவது பிடித்து ஒரே ஒரு தடவை கட்டிக்கொண்டு, அப்புறம் அவிழ்ப்பதே இல்லை. தளர்த்தி, தலை வழியாகக் கழற்றி, ஆணியில் மாட்டிவிடுவது. என் நண்பன் ஒருவனின் டை ஆறு வருஷம் இப்படித் தொங்கியது, மாடு ஓடிப்போன கொட்டகைக் கயிறு மாதிரி.

இந்த அவஸ்தைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்கள் குரோஷிய வீரர்கள். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் ராஜாவுக்காகக் கூலிக்குச் சண்டை போட வந்தவர்கள், கழுத்தில் துணி கட்டியிருந்தார்கள். பாரிஸ் மைனர்களுக்கு அது பிடித்துப்போய், ‘க்ரவாத்’ என்று அந்த ஊர்க்காரர்கள் பெயரையே துணிக்கும் வைத்துவிட்டார்கள். 1828-ல் லண்டனில், இதைக் கட்டும் 32 விதங்களை 16 பாடங்களில் சொல்லித்தரும் புத்தகமே வந்தது. டிகிரி கொடுக்காததுதான் பாக்கி.

முடிச்சுகளில் ராஜா என்று பெயர் வாங்கியது வின்ட்ஸர். 1936-ல் காதலுக்காக இங்கிலாந்து சிம்மாசனத்தை உதறிய எட்டாம் எட்வர்ட், அப்புறம் வின்ட்ஸர் கோமகன் ஆனார். அவர் டை முடிச்சு கொழுகொழுவென்று முக்கோணமாக இருக்கும். அதே மாதிரி வேண்டும் என்று இரண்டு பக்கமும் சுற்றி இழுத்து அமெரிக்கர்கள் போட்ட முடிச்சுக்குத்தான் அவர் பெயர். 1960-ல் வந்த தன் புத்தகத்தில் மனிதர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். அது அவர் முடிச்சே இல்லை! டைக்கு உள்ளே கூடுதலாகத் துணி வைத்துத் தைத்துக்கொண்டார், அவ்வளவுதான். கட்டியதென்னவோ சாதா முடிச்சு.

ஜேம்ஸ் பாண்டுக்கு வின்ட்ஸர் முடிச்சே ஆகாது. 1957-ல் வந்த ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ நாவலில், ரயிலில் ஒருவன் அதைக் கட்டிக்கொண்டு வருகிறான். ஆள் சரியில்லை என்று பாண்டுக்குத் தோன்றுகிறது. சே, டையை வைத்தா ஆளை எடை போடுவது என்று விட்டுவிடுகிறார். அவன்தான் கொலைகாரன்.

விஞ்ஞானிகளும் சும்மா இருக்கவில்லை. 1999-ல் கேம்ப்ரிட்ஜில் ஃபிங்க், மாவோ என்ற இருவர் கணக்குப் போட்டு, டையில் 85 முடிச்சுகள்தான் சாத்தியம் என்றார்கள். 2003-ல் ‘மேட்ரிக்ஸ் ரீலோடட்’ வில்லன் அடுக்கடுக்காக ஒரு முடிச்சோடு வந்தார். அது அந்த 85-ல் இல்லை. வேறு சிலர் விதிகளைத் தளர்த்தி மறுபடி எண்ணினார்கள். 2015-ல் வந்த விடை: 2,66,682.

இத்தனையில் உங்களுக்கு ஒன்று போதும், கோமகன் கட்டிய அதே சாதா முடிச்சு. பெயர் ‘ஃபோர் இன் ஹாண்ட்’. நாலு குதிரைகளை ஒரே ஆள் ஓட்டும் வண்டிக்கும் இதே பெயர். அகலமான நுனியைக் குறுகலானதற்கு முன்னால் கொண்டு போங்கள். பின்னால் சுற்றுங்கள். மறுபடி முன்னால். அப்புறம் கழுத்துப் பக்கம் அடியிலிருந்து மேலே எடுத்து, முன்னால் உள்ள வளையத்துக்குள் விட்டு இழுங்கள்.

கொஞ்சம் கோணலாகத்தான் வரும். அதன் ஜாதகமே அப்படி. நிமிர்த்துகிறேன் பேர்வழி என்று நிற்காதீர்கள், பஸ் போய்விடும்.