கால் விலை வாகனமும் பாதி ஓதப்பட்ட நபிமொழிகளும்



சென்ற மாதம் ஷார்ஜாவிலிருந்து நம்முடைய பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நம் மதரஸாவில் ஓதி முடித்துப் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அங்கே ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறார். நல்ல பிள்ளை. மாதம் தவறாமல் உம்மாவுக்குப் பணம் அனுப்புகிறவர்.

“ஹஜ்ரத், ஒரு மசெராட்டி வருது. கிப்லி, 2015 மாடல். அறுபதாயிரம் திர்ஹம்தான் சொல்றாங்க. புதுசுல வாங்கினவர் கொடுத்ததுல கால் பங்குகூட இல்லையாம். வாங்கலாமா?”

“மார்க்கத்தைக் கேட்கிறீரா, மெக்கானிக்கைக் கேட்கிறீரா?” என்றோம்.

“மார்க்கத்தைத்தான் ஹஜ்ரத். தாராளமா வாங்கலாம்னு இங்க ஒரு பயான்ல சொன்னாங்க” என்றவர், அந்தப் பயானின் ஒலிப்பதிவையும் அனுப்பி வைத்தார். இருமுறை கேட்டோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒலிப்பதிவே.

பயான் செய்தவர் மூன்று ஆதாரங்களை வைத்தார். நல்ல வாகனம் மனிதனின் நற்பேறுகளுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள் என்பது ஒன்று. தான் வழங்கிய அருட்கொடையின் அடையாளம் தன் அடியானிடம் தெரிவதை அல்லாஹ் விரும்புகிறான் என்பது மற்றொன்று. மூன்றாவது அவருடைய சொந்தச் சரக்கு: பெரும் விலையுள்ள பொருளைக் கால் விலைக்கு வாங்குவது வீண்விரயம் ஆகாது, அதுவே சிக்கனம். இந்த இடத்தில் கூட்டத்திலிருந்து ‘மாஷா அல்லாஹ்’ என்ற குரல்கள் எழுகின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சொகுசு வாகனம் ஹராம் என்று நாம் வாதிட வரவில்லை. உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) போன்ற பெருஞ்செல்வர்கள் நபித்தோழர்களில் இருந்தார்கள். செல்வம் அவர்களைத் தாழ்த்திவிடவில்லை. ஜகாத்தைக் கணக்கிட்டுக் கொடுத்து, ஹஜ்ஜை நிறைவேற்றி, கடனின்றி நிற்கும் வணிகர் ஒருவர் தம் கைப்பணத்தில் நல்ல வாகனம் வாங்கினால் அவர்மீது நமக்கு வழக்கில்லை. மாதச் சம்பளக்காரர் ஒருவரைப் பார்த்து, ‘உமக்கும் அது எட்டும், மலிவாகிவிட்டது, மார்க்கமும் உம் பக்கம்’ என்று சொல்லும் நாவோடுதான் நம் வழக்கு.

மூன்றாவது ஆதாரத்திலிருந்து தொடங்குவோம். அதில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள்.

மசெராட்டி 1914ல் இத்தாலியின் பொலோனியா நகரில் சகோதரர்கள் சிலர் தொடங்கிய நிறுவனம். அதன் திரிசூலச் சின்னம் அந்நகரத்து நீரூற்றில் நிற்கும் ரோமரின் கடல் தெய்வத்தின் கையிலிருந்து எடுக்கப்பட்டது. (அதை வைத்து ஃபத்வா கேட்டு நமக்குக் கடிதம் எழுத வேண்டாம், பேச வேண்டியது வேறு இருக்கிறது.) நான்கு கதவுகளைக் கொண்ட கிப்லி 2013ல் சந்தைக்கு வந்தது. இரட்டை டர்போ பொருத்திய அதன் 3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் மரனெல்லோவிலுள்ள ஃபெராரி ஆலையில் உருவானது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது இவ்வளவே. கதவைத் திறந்து உட்கார்ந்தால் முன்னால் இருக்கும் தொடுதிரையும் சில பொத்தான்களும் கிரைஸ்லர் வண்டிகளில் வந்தவற்றின் உடன்பிறப்புகள்.

இத்தகைய வண்டிகளின் விலை ஏன் இப்படிச் சரிகிறது? புதிதாய் வாங்கும் செல்வருக்கு உத்தரவாதக் காலம் தீர்ந்தபின் அது வேண்டியதில்லை, அடுத்ததற்குப் போய்விடுகிறார். அதன் பிறகு வருகிற ஒவ்வொரு பழுதும் உடையவரின் கைச்செலவு. அறிந்தவர்கள் அஞ்சி விலகுகிறார்கள். வாங்க ஆளில்லாததால் விலை விழுகிறது. அப்படியானால் அந்த மலிவு, இனி வரப்போகும் செலவைச் சந்தை முன்கூட்டியே கழித்துச் சொன்ன கணக்கு அல்லவா? இதை அன்பளிப்பாக எண்ணுவது எத்தகைய அறியாமை!

வண்டியின் விலை பத்தாண்டுகளில் இறங்கிவிட்டது. அதன் உதிரிபாகத்தின் விலை இறங்கவில்லை. அதன் பிரேக் வட்டுக்கு, உடையவர் கணக்கரா கப்பல் முதலாளியா என்பது தெரியாது. முன்சக்கர டயர் ஓர் அளவு, பின்சக்கர டயர் வேறோர் அளவு. முன்னதைப் பின்னே மாற்றிப் போட்டுச் சில மாதங்களை ஓட்டும் நம் ஊர் வித்தை அங்கே பலிக்காது. சாலையின் தன்மைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் அதிர்வு தாங்கிகள் பொருத்திய வண்டி என்றால், அவை கசியத் தொடங்கும் நாளில் உடையவரின் கண்ணும் கசியும். கால் விலைக்கு வாங்கியவர், முழு விலை வண்டிக்குரிய பராமரிப்பை மாதச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும். இதற்குச் சிக்கனம் என்று பெயரா?

இனி நபிமொழிகளுக்கு வருவோம். நம் மனம் அதிகம் நொந்தது இவ்விடத்தில்தான்.

நல்ல வாகனம் நற்பேறு என்பது உண்மை. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அறிவிக்கும் அச்செய்தியில் நல்ல மனைவி, விசாலமான வீடு ஆகியவற்றோடு, ஏறியவரை இதமாகச் சுமந்து தம் தோழர்களோடு கொண்டு சேர்க்கும் வாகனமும் சொல்லப்படுகிறது. பயான் அத்துடன் நின்றுவிட்டது. ஹாகிமில் உள்ள அறிவிப்பு நிற்கவில்லை. துர்ப்பேறுகளையும் அது எண்ணுகிறது. அவற்றுள்ளும் ஒரு வாகனம் வருகிறது. அடித்து விரட்டினால் உரியவரைக் களைப்படையச் செய்வது, விட்டுவிட்டாலோ கூட்டாளிகளோடு சேர்க்காமல் பின்தங்க வைப்பது என்று அதன் இயல்பையும் நபி (ஸல்) அவர்கள் விவரிக்கிறார்கள். நற்பேற்றின் அளவுகோல் தோலிருக்கையோ திரிசூலமோ அன்று. போக வேண்டிய இடத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்பதே. அஜ்மானில் நமக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர் இதே போன்ற இத்தாலிய வண்டியை ஈராண்டுகளுக்கு முன் வாங்கினார். கியர்பெட்டிக்காக அது பணிமனையில் நின்ற மாதங்களில் ஜும்ஆவுக்கு டாக்ஸியில் போய் வந்தார். பழைய டொயோட்டாவில் வந்த அவருடைய கூட்டாளிகள் அவருக்கு முன்பே முதல் வரிசையில் அமர்ந்திருந்தார்கள்.

அருட்கொடையின் அடையாளம் தெரிய வேண்டும் என்ற நபிமொழி எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லப்பட்டது? அபூதாவூதிலும் நஸாயீயிலும் இருக்கிறது. மட்டமான உடையணிந்து வந்த ஒருவரைப் பார்த்து, உமக்குச் செல்வம் இருக்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் வினவுகிறார்கள். ஒட்டகம், ஆடு, குதிரை எல்லாம் இருப்பதாக அவர் சொல்கிறார். அதன் பின்னரே, அப்படியானால் அல்லாஹ்வின் கொடை உம்மீது தெரியட்டும் என்ற அறிவுரை வருகிறது. இருந்தும் இல்லாதவர் போல் நின்றவருக்குச் சொல்லப்பட்டது அது. இல்லாமலே இருப்பவர் போல் நிற்க விரும்புகிறவருக்குச் சொல்லப்பட்ட நபிமொழி வேறு. புகாரியிலும் முஸ்லிமிலும் அஸ்மா (ரலி) அறிவிப்பாக அது உள்ளது. தன் கணவர் தராததைத் தந்ததாகச் சக்களத்தியிடம் காட்டிக்கொண்டால் குற்றமாகுமா என்று ஒரு பெண்மணி கேட்டார். தனக்குக் கொடுக்கப்படாததைக் கொண்டு நிறைந்தவன்போல் காட்டுகிறவன் பொய்யின் இரண்டு ஆடைகளை உடுத்தியவனுக்கு ஒப்பானவன் என்பது நபியவர்களின் மறுமொழியின் சாரம்.

பத்தாண்டு பழைய வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கி, ஆண்டு தெரியாதபடி கோணம் பார்த்துப் படமெடுத்து, குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோமே, அதை எந்த ஆடைக் கணக்கில் சேர்ப்பது? அந்த வண்டி என்றும் ஊருக்கு வரப்போவதில்லை. அமீரகத்து வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். வலப்பக்க ஸ்டியரிங் இல்லாத, மூன்றாண்டுக்கு மேற்பட்ட பழைய வண்டியை இந்தியாவில் இறக்குமதி செய்ய விதி இடம் தராது. ஊருக்கு வருவது படம் மட்டும்தான். அதைப் பார்த்துத்தான் தங்கைக்கு வரன் பேச வருகிறவர் கையை விரிக்கிறார். அதைப் பார்த்துத்தான் பள்ளிவாசல் நிர்வாகத்தினர் ரசீதுப் புத்தகத்தோடு உம்மா வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். ‘புள்ள மசெராட்டி ஓட்டுது, நீங்க ஆயிரம் ரூபா எழுதுறீங்களே!’ என்ற சொல்லை வாங்கிக்கொள்வது அந்த உம்மாதான்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். அமீரக மத்திய வங்கியின் விதிப்படி வண்டிக்கடன் என்றால் விலையில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்காது. இத்தனை பழைய வண்டிக்கு அதையும் தர வங்கிகள் தயங்கும். ஆகவே பலரும் சம்பளத்தைக் காட்டித் தனிநபர் கடன் எடுக்கிறார்கள். 48 மாதம் வட்டி. பயானில் இந்தச் சொல் ஒருமுறைகூட வரவில்லை. முராபஹா முறையில், வங்கி தானே பொருளை வாங்கிக் கைக்கொண்டு பின் இலாபம் வைத்து விற்பதாக இருந்தால் கொடுக்கல் வாங்கல் செல்லும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கூடும் வழியில் பட்ட கடனும் கடன்தான்; கடன் பாக்கியோடு இறந்தவரின் ஜனாஸாவைத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கி நின்ற நிகழ்ச்சி நாம் அறியாததன்று.

விற்பவரும் பெரும்பாலும் நம்மவரே என்பதால் அவரையும் விட்டுவிட முடியாது. ஷார்ஜாவின் சூக் அல்ஹராஜில் நிற்கும் வண்டிகள் பலவற்றின் பிறப்பிடம் வளைகுடா அன்று. அமெரிக்காவில் விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி, முழு இழப்பு என்று காப்பீட்டு நிறுவனம் எழுதித் தள்ளியதை ஏலத்தில் எடுத்து, கப்பலேற்றி, தட்டி நேராக்கி, சாயமடித்து நிறுத்துகிறார்கள். வளைகுடா வெப்பத்துக்கென அமைந்த ‘ஜிசிசி ஸ்பெக்’ வண்டிக்கும் இதற்குமுள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. சேஸிஸ் எண்ணைக் கொண்டு தேடினால் தெரியும். கேட்டால், ‘உள்ளபடியே விற்கிறோம், பிறகு பொறுப்பில்லை’ என்று கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். நாம் ஆண்டுதோறும் பாடம் நடத்தும் இடம் இது. ஷாஃபிஈ மத்ஹபில், குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனை, உயிருள்ள பிராணியின் உள்ளே மறைந்திருந்து விற்பவரும் அறியாதிருந்த குறைக்கு மட்டுமே செல்லும். வண்டி பிராணியன்று. ஹனஃபி மத்ஹப் இதில் விசாலமானது. எனினும் அறிந்தே மறைத்த பாவத்தை எந்த மத்ஹபும் துடைத்துத் தரவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ஒரு நிகழ்ச்சியை எடுத்தெழுதுகிறார்கள். ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹமுக்கு விற்றார். அருகிலிருந்த வாஸிலா இப்னு அல்அஸ்கஃ (ரலி) கவனிப்பதற்குள் வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வாஸிலா (ரலி) பின்னால் ஓடி, இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காகவா என்று கேட்கிறார்கள். சவாரிக்கு என்றதும், அதன் குளம்பில் ஓட்டை இருப்பதைத் தாம் கண்டதாகவும், தொடர் பயணத்தை அது தாங்காது என்றும் சொல்கிறார்கள். வாங்கியவர் திரும்பி வர, விற்றவர் 100 திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் நொந்துகொண்டார். வாஸிலா (ரலி) அந்த ஒட்டகத்தை விற்றவரும் அல்லர், வாங்கியவரும் அல்லர். ஆனால் நம் காலத்தில் குளம்பின் ஓட்டையைக் கண்ட தரகர் அதன்மேல் மெழுகு பூசுகிறார். மிம்பரில் நிற்பவர் அந்த மெழுகுக்கு ஹதீஸ் ஓதுகிறார்.

கடைசியாக ஒரு சொல். அந்த வண்டியின் பெயரைக் கவனித்தீர்களா? மசெராட்டிக்குத் தன் வண்டிகளுக்குக் காற்றின் பெயரைச் சூட்டும் வழக்கம் உண்டு. ஷமால், கம்ஸீன் என்ற அரபுக் காற்றுகளும் அதில் அடங்கும். கிப்லி என்பது லிபியாவின் பாலையில் தெற்கிலிருந்து வீசும் அனல்காற்று. ‘கிப்லாத் திசையிலிருந்து வருவது’ என்ற பொருளுடைய அரபுச் சொல் அது. லிபியாவை ஆண்டிருந்த இத்தாலியர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதை நம் மாணவரிடம் சொல்லிவிட்டுக் கேட்டோம்: “அறுபதாயிரம் திர்ஹம் உம் கையில் ஓராண்டு நின்றிருந்தால் ஜகாத் 1,500 திர்ஹம் ஏழைக்குப் போயிருக்கும். உம்மாவை அழைத்துக்கொண்டு ஹஜ்ஜுக்குப் போய்வந்தீரா?”

“இல்ல ஹஜ்ரத். நம்ம மத்ஹபுல தாமதிக்க இடம் இருக்கே?”

இடம் இருக்கிறது; மறுக்கவில்லை. அந்த இடம் மசெராட்டியை நிறுத்தி வைப்பதற்காக ஏற்பட்டதன்று என்றோம். சிரித்தார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

நம் சொல்லுக்காக விற்பவரிடம் சேஸிஸ் எண்ணை மட்டும் கேட்டிருக்கிறார். ‘வேறொருவர் பணத்தோடு காத்திருக்கிறார், இன்று மாலைக்குள் முடிவு சொல்லுங்கள்’ என்று பதில் வந்ததாம். இது நடந்து நான்கு வாரங்கள் ஆகின்றன. வண்டி இன்னும் அங்கேயே நிற்பதாக நேற்று எழுதியிருந்தார். விலையில் ஐயாயிரம் குறைத்திருக்கிறார்களாம்.