கட்டிங் வேஸ்ட்டும் ஒரு பைண்டிங் நோட்டும்

போன மாதம் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். வீட்டில் வீணாகும் பொருள்களை வைத்து ஒரு ஸ்கிராப் புக் செய்து வர வேண்டுமாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. மகள் வேலைக்குப் போகிறவள். இராத்திரி பத்து மணிக்குச் செல்போனில் தேடி ஒரு பெட்டியை வரவழைத்துவிட்டாள்.

பிரித்துப் பார்த்தோம். பூ மாதிரி வெட்டிய கலர் காகிதம், ஒட்டுகிற ஸ்டிக்கர், சணல் கயிறு, மரப் பட்டன், பழசு போலத் தெரிவதற்காகவே பழுப்பு அடித்த தாள். கூடவே நான்கு விரல் அகலத்தில் பத்துத் துணித் துண்டுகள். விலை 649 ரூபாய். வீணான பொருளில் செய்யச் சொன்ன வேலைக்கு, வீணான பொருளையே புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

என் மனைவி ஒரு துண்டை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். “ஏனுங்க, திருப்பூருக்கே கட்டிங் வேஸ்ட்டைக் காசுக்கு விக்கறாங்களா?” என்றாள். பிறகு, “பாலியஸ்டர்” என்று சொல்லித் திரும்பப் பெட்டியில் போட்டாள்.

அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கைவேலை செய்தால் ஊர்க்குப்பை குறையும் என்று இப்போது பலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அதுவும் நம் ஊரில். இங்கே கட்டிங் டேபிளிலிருந்து விழும் துண்டு எதுவும் சும்மா கிடப்பதில்லை. வெள்ளை தனி, கலர் தனி, கலப்படம் தனி என்று பிரித்துக் கிலோ விலைக்கு வேஸ்ட் கடைக்குப் போகிறது. பெரிய துண்டுகள் ஒர்க்‌ஷாப்புக்கும் அச்சாபீசுக்கும் துடைப்புத் துணியாகப் போகும். மற்றதைப் பிய்த்துப் பஞ்சாக்கி மறுபடி நூல் நூற்கும் ஓ.இ. மில்கள் நம் வட்டாரத்திலேயே இருக்கின்றன. அந்த நூல்தான் போர்வையாகவும் சமையலறைத் துணியாகவும் திரும்பி வருகிறது. ஒரு பாட்டி மூன்று மிதியடி பின்னினால் நொய்யல் சுத்தமாகிவிடாது. பாட்டிக்குப் பொழுது போகும், வீட்டுக்கு மிதியடி கிடைக்கும். அது போதாதா?

மிதியடி என்றதும் செய்முறை கேட்பீர்கள். எங்கள் வீட்டம்மா பக்கத்து வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை அப்படியே எழுதுகிறேன். பனியன் துணிக்கு ஒரு குணம் உண்டு. சிங்கிள் ஜெர்சியை அகலவாக்கில் ஓர் அங்குலப் பட்டையாக வெட்டி, இரண்டு முனையையும் பிடித்துச் சுண்டி இழுத்தால் அது தானாகவே உள்பக்கம் சுருண்டு கயிறு போல் ஆகிவிடும். ஓரம் பிசிறடிக்காது, மடித்துத் தைக்க வேண்டியதும் இல்லை. சட்டைத் துணியில் இது நடக்காது. ரிப் துணியும் இப்படிச் சுருளாது. பழைய பனியனாக இருந்தால் கீழே மடித்துத் தைத்த ஓரத்தை நீக்கிவிட்டு, அங்கிருந்து கைக்குழி வரை சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டே போகலாம். பக்கத் தையல் இல்லாத பனியன் என்றால் முழுசும் ஒரே நீளக் கயிறு.

துண்டுகளை இணைக்க ஊசி வேண்டாம். இரண்டு பட்டைகளின் முனையிலும் சின்னக் கீறல் போட்டு, ஒன்றின் கீறலில் மற்றதை நுழைத்து, அதன் வாலை அதன் கீறலுக்குள்ளேயே இழுத்தால் முடிச்சு விழுந்துவிடும். மூன்று கயிறு சேர்த்துச் சடை பின்ன வேண்டும். சடையை நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றிக்கொண்டே தடித்த நூலால் தைக்க வேண்டும். தைக்கும்போது தரையில் படுக்கப் போட்டுத்தான் தைக்க வேண்டும். மடியில் வைத்து இழுத்து இழுத்துத் தைத்தால் மிதியடி வராது, கிண்ணம்தான் வரும். என் முதல் முயற்சி அப்படி ஆகி, இப்போது வெங்காயம் போட்டு வைக்கப் பயன்படுகிறது.

இன்னொன்று. குளியலறை வாசலுக்கு என்றால் பருத்தித் துண்டாகப் பார்த்து எடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவது போல மணந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாகக் கட்டிக்கொள்ளும், அது தண்ணீரையும் இழுக்காது.

மிதியடி விஷயம் இவ்வளவுதான். நான் சொல்ல வந்தது ஸ்கிராப் புக் பற்றி.

அந்தப் பெயர்தான் நமக்குப் புதிது. அந்த வேலையைத்தான் நான் முப்பது வருடத்துக்கு மேல் சம்பளத்துக்குச் செய்தேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு ஃபைல். அதில் துணியின் சாம்பிள் துண்டு, ஓரம் பல்லுப் பல்லாக வெட்டி ஒட்டியிருக்கும். பக்கத்தில் தையல் நூல், லேபிள், பட்டன், விலை அட்டை. நூல் என்ன கவுண்ட், துணி என்ன எடை, சாயம் எந்த ஷேடு, எல்லாம் பேனாவில் எழுதியிருக்கும். துணியின் எடை பார்க்க ஒரு வட்டக் கட்டர் உண்டு. அது சரியாக நூறு சதுர சென்டிமீட்டர் வெட்டும். அந்த வட்டம் எத்தனை கிராமோ அதை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை. எடை பார்த்த பிறகு வட்டங்களைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நான் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். மகள் சின்ன வயதில் அவற்றை வைத்துத் தோசைக்கடை நடத்தினாள்.

கம்பெனி கட்டடம் மாறியபோது அந்த ஃபைல்கள் எல்லாம் வேஸ்ட் வண்டியில் ஏறின. இருபது வருட ஃபைல். காகிதம் தனி, துணி தனி என்று பிய்க்க இரண்டு பேரை வைத்தார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், “இதை வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க?” என்றுதான் கேட்டிருப்பார்கள். அப்போது என்னிடம் பதிலும் இல்லை.

பதில் இருந்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். 1866-ல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகள் தயாரித்தார். 700 மாதிரித் துண்டுகள். வேட்டி, சேலை, லுங்கி, தலைப்பாகை என்று வகை பிரித்து, நீளம், அகலம், எடை, ஊர் எல்லாம் குறித்து வைத்தார். சென்னை மாகாணத்துத் துணிகளும் அதில் உண்டு. மொத்தம் 20 பிரதி. 13 அங்கே, 7 இங்கே. எதற்கு இவ்வளவு பாடு என்றால், இந்தியாக்காரன் என்ன உடுத்துகிறான் என்று அங்கிருக்கும் மில்காரர்கள் தொட்டுப் பார்த்து, அதே போலச் செய்து நமக்கே விற்பதற்கு. நோக்கம் எப்படியோ இருக்கட்டும். அன்றைய நெசவாளியின் கைவேலையை இன்று தொட்டுப் பார்க்க முடிகிறது என்றால், நம்மை வைத்து வியாபாரம் செய்ய வந்தவன் போட்ட நோட்டு அதற்கு ஒரு காரணம். நெசவு செய்தவன் வீட்டில் ஒரு துண்டு இருந்ததா?

அதைவிட என் மனதைப் பிடித்தது இன்னொரு நோட்டு. லண்டனில் 1741 முதல் ஒரு குழந்தைகள் காப்பகம் நடந்தது. வளர்க்க வழியில்லாத தாய்மார் கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். சேர்க்கும்போது எழுதும் தாளில் ஒரு துண்டுத் துணியையும் குத்தி வைப்பார்கள். பெரும்பாலும் குழந்தையின் உடுப்பிலிருந்தே வெட்டியது. என்றைக்காவது தாய் திரும்பி வந்தால் அடையாளம் காட்ட. திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர்தான். அப்படித் தங்கிப்போன துண்டுகள் சுமார் 5,000 இன்றும் இருக்கின்றன. 2010-ல் கண்காட்சி வைத்தார்கள். அந்தக் காலத்து ஏழைப் பெண்கள் என்ன துணி உடுத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள அந்த நாட்டில் அதைவிடப் பெரிய சேகரம் இல்லையாம். ராணியின் பட்டு எங்கேயும் கிடைக்கும், கூலிக்காரியின் சீட்டித்துணிக்கு இந்தத் தாள்கள்தான்.

இதைப் படித்த அன்று இராத்திரி என் மனைவி பரணிலிருந்து ஒரு பழைய பைண்டிங் நோட்டை எடுத்தாள். நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. கோல நோட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் பத்துப் பக்கம் கோலம்தான். அதற்குப் பிறகு துணி.

முதல் துண்டு வெள்ளை ரிப். கீழே ‘84 ஸ்ட்ரைக்’ என்று மட்டும் எழுதியிருந்தது. பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்ததே, அந்த வேலைநிறுத்தம். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவள் ஒரு கம்பெனியில் கைமடி. வேலை இல்லாத அந்த நாள்களில், வீட்டில் கிடந்த துண்டுகளைச் சேர்த்துத் தலையணை உறை தைத்து, தெருத்தெருவாக அரிசிக்கு மாற்றியிருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதை என்னிடம் சொன்னதில்லை. “நீங்க கேக்கலையே” என்றாள்.

இன்னொரு பக்கத்தில் கருநீலத் துண்டு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடினார்களே, அதற்குப் பிறகு வெளி மாநிலத்துக்கு அனுப்பிச் சாயம் ஏற்றி வந்த துணி. நான்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன், மறந்துவிட்டது. ‘தண்ணி ஊத்தினா கலர் போகுது’ என்று எழுதி வைத்திருக்கிறாள்.

அதற்கடுத்தது 2020. மாஸ்க் தைத்த துணி. எங்கள் லைன் வீட்டில் குடியிருந்த ஒடிசாப் பையன், மே மாதம் சிறப்பு ரயில் விட்டபோது ஊருக்குக் கிளம்புகிற அன்று கொடுத்துவிட்டுப் போன மாஸ்க்கிலிருந்து வெட்டியது. அவன் பெயரை அவனையே அவன் எழுத்தில் எழுதச் சொல்லி வாங்கியிருக்கிறாள். எங்கள் இருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

ஆக, என் கருத்து இதுதான். உலகத்துக்கே சட்டை தைத்த ஊர் இது. தைத்தவர்கள் வீட்டில், இது நான் தைத்தது என்று சொல்ல ஒரு கையகலத் துணி இல்லை. ஏற்றுமதிக் கணக்கு எத்தனை கோடி என்று பேப்பரில் வரும். ஓவர்லாக்கில் உட்கார்ந்தவர் யார், பீஸுக்கு என்ன ரேட், அந்த வருடம் வீட்டில் என்ன நடந்தது என்று யார் எழுதுவார்கள்? வயதான நாம்தான் எழுத வேண்டும். நாம் போனால் பீரோவில் இருப்பதும் வேஸ்ட் வண்டிக்குத்தான். செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்பார்கள். துணியைப் படத்தில் எப்படி விரலில் தேய்த்துப் பார்ப்பது?

செய்ய நினைப்பவர்களுக்கு, ஃபைல் போட்ட அனுபவத்தில் சில வார்த்தைகள். தடித்த அட்டை போட்ட நோட்டு எடுங்கள். மூன்று தாளுக்கு ஒன்றை அடியில் ஓர் அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் துணி ஏற ஏற நோட்டு வாயைப் பிளந்துகொள்ளும். பசை வேண்டவே வேண்டாம். மைதாப் பசைக்குப் பூச்சி வரும். கடையில் விற்கும் பசை நாளடைவில் துணியை விறைப்பாக்கிவிடும். ஊசி நூலால் தையுங்கள். ஜெர்சி சுருளும், அதனால் நான்கு மூலையிலும் ஒரு தையல். மற்றத் துணிக்கு மேல் ஓரம் மட்டும் போதும், அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கலாம். ஜெல் பேனா ஈரத்தில் ஊறும், பென்சில் நல்லது. பாலிதீன் உறைக்குள் வைக்காதீர்கள், ஈரம் கோக்கும். காய்ந்த வேப்பிலை நாலு போட்டு, பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். கீழே எழுதுவதில் கஞ்சம் வேண்டாம். ‘84 ஸ்ட்ரைக்’ என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டு நாற்பது வருடம் பேசாமல் இருக்கக் கூடாது.

பேத்தி கடைசியில் அந்த 649 ரூபாய்ப் பெட்டியைத்தான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனாள். எல்லாரும் அதைத்தான் கொண்டுவருவார்களாம். நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தவள் அம்மிச்சியின் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, “அப்புச்சி, இதுல உங்க துணி எங்கே?” என்று கேட்டாள். தேடிப் பார்த்தேன், இல்லை. முப்பது வருடம் அடுத்தவர் ஆர்டருக்கெல்லாம் சாம்பிள் ஒட்டியவனுக்கு ஒரு பக்கம் இல்லை.

என் மனைவி ஒன்றும் சொல்லாமல் எழுந்து மாடிக்குப் போனாள். சாயங்காலம் குளித்துவிட்டுக் கொடியிலிருந்து பனியனை எடுக்கும்போதுதான் பார்த்தேன், இடுப்புப் பக்கத்தில் கச்சிதமாக ஒரு சதுரம் காணவில்லை.